கடலடியிற் கிடந்த உடலும் புலான் மறுத்தலும்

சைவ பாடசாலைகளிலே சமயபாடம் கற்பிக்கும் உபாத்தியாயர்களை நோக்கிப் பிள்ளைகள் கேட்கும் வினாக்களுள்ளே எளியனவும் உள, அரியனவும் உள. எளியவற்றுக்கு நூலிலே நேரே விடை உண்டு. அரியவற்றுக்கோ நூலிலே விடை இருப்பினும், அதனை அவ்வினாவோடு பொருத்திக் காட்டுதல் கற்பிப்போன் கடனாகும். அக்கடனைச் செய்யாது, "பெரியோர் சொன்னார்கள், கேட்டு நட" என்று அதட்டி இருத்துவோமாயின் பிள்ளையின் வாய் அடங்கும், ஐயம் அடங்காது. அத்தகைய வினா ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

வெள்ளவத்தையிலே, புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல் தோன்றும் ஒரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் சமயவகுப்பொன்றிலே, திருக்குறளிற் புலான்மறுத்தல் என்னும் அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேம். 13 வயதுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, தான் முதல்நாட் பார்த்த சலனப்படம் ஒன்றைப்பற்றிச் சொல்லத் தொடங்கினான். ஆழ்கடலின் அடியிலே இறந்து கிடந்த ஒரு திமிங்கிலத்தை நீரடியில் இயங்கும் கமராவினாற் படம் பிடித்திருந்தார்கள் என்றும், எண்ணிறந்த பிராணிகள் அதனைச் சூழ்ந்து உண்டுகொண்டிருந்தன என்றும் விவரித்துப் பின் இவ்வாறு வினாவினான்: "ஐயா, அந்தத் திமிங்கிலத்தை ஒருவரும் கொல்லவில்லை. அது தானாக இறந்து விழுந்தது. அதை உண்டு எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன. அவற்றுக்குப் பாவம் உண்டா? இல்லை என்றால், தானாக இறந்ததை நாங்கள் உண்டால் மாத்திரம் பாவம் ஆவது ஏன்?"

வகுப்பிலே சிலர் நகைத்தனர். யாம் நகைக்கவில்லை, உடனே விடைகூறவும் இயலவில்லை. "வருகிற ஞாயிறு சொல்லுவேம்" என்று தவணை கேட்டேம். அவ்வேழு நாளும் சிந்தித்தவற்றையே இங்கு எழுதுகின்றேம்.

முதலாவது, அப்பிள்ளை கண்டது யாது என்பதைச் செவ்வையாக அறிதல் வேண்டும். பொருளை அறியாது அதன்மேல் நியாயம் கூறுதல் குருடன் யானை கண்ட கதையாய் முடியும்.

பெருந்திமிங்கிலம் ஒன்று நடுக்கடலில் இறப்பின், அதன் உடல் பெரும்பாலும் அடித்தளம் நோக்கி ஆழ்ந்துவிடும். 1000 மீற்றருக்குக் கீழே சூரியவொளி செல்வதில்லை. அங்கே பயிர் இல்லை. உணவென்பது மேலிருந்து துகள்துகளாக வீழ்வதே. அத்தகைய பாழிலே பல்லாயிரம் மணங்கு எடையுள்ள ஓர் உடல் ஒரே காலத்தில் வந்து தங்குமாயின் என்ன நிகழும் என்பதை நெடுங்காலம் ஒருவரும் கண்டிலர். 1987ஆம் ஆண்டிலே கிரெய்க் சிமித் என்னும் அறிஞரும் அவர் கூட்டத்தாரும் 'அல்வின்' என்னும் ஆழ்கடல் மூழ்கியிற் சென்று, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 1240 மீற்றர் ஆழத்திலே, சுமார் 20 மீற்றர் நீளமுள்ள திமிங்கில எலும்புக்கூடு ஒன்றைக் கண்டனர். அதன்மேலும் அதனைச் சூழவும் சிப்பிகளும் மட்டிகளும் புழுக்களும் குடியேறியிருந்தன. அதன்பின், கரையில் ஒதுங்கி இறந்த திமிங்கிலங்களின் உடல்களைக் கடலுக்கு இழுத்துச் சென்று, இரும்புப் பாரம் கட்டி ஆழ்த்தி, பல ஆண்டுகள் இடையிட்டு இடையிட்டுச் சென்று பார்த்து வந்தனர். இவ்வாராய்ச்சிக்காக எந்தத் திமிங்கிலமும் கொல்லப்படவில்லை என்பது கருதத்தக்கது.

அவர்கள் கண்டவற்றைச் சுருக்கிச் சொல்லுவாம். முதலிலே ஆழ்கடற் சுறாக்களும், தாடையின்றி விலாங்கு போல் நெளியும் ஒருவகை மீன்களும், நண்டு முதலியனவும் வந்து தசையை உண்ணும். நாளொன்றுக்கு 40 முதல் 60 கிலோ வரையும் தசை குறையும். அது சில திங்கள் தொடங்கி இரண்டாண்டு வரையும் நிகழும். அடுத்து, சிதறிய ஊனும் கொழுப்பும் ஊறிய சேற்றிலே சிறு புழுக்களும் கூனி போன்றவைகளும் பெருந்தொகையாகப் பல்கும். மூன்றாவதாக, எலும்பின் உள்ளே செறிந்திருக்கும் எண்ணெயைப் பற்றீரியா என்னும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, அழுகிய முட்டையின் நாற்றமுடைய கந்தக வாயு தோன்றும். அவ்வாயுவையே ஆதாரமாகக் கொண்டு உணவு ஆக்கும் வேறு நுண்ணுயிர்கள் உள. அவற்றைத் தம் உடலினுள்ளே வைத்து வாழும் சிப்பிகளும் மட்டிகளும் அங்கே குடியேறும். பெருந்திமிங்கிலமாயின் இந்நிலை 10 ஆண்டு தொடங்கி 50 ஆண்டும் அதற்கு மேலும் நீடிக்கும்.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் மொந்தரே விரிகுடாவில், ஏறக்குறைய 2900 மீற்றர் ஆழத்தில், ஆளின்றி இயங்கும் ஊர்தியின் கமரா ஒரு திமிங்கில எலும்பின்மீது செந்நிற மயிர்க்கற்றை போல அசையும் புழுக்களைக் காட்டியது. 2004இல் அவைகளுக்கு 'ஒசிடாக்ஸ்' எனப் பெயரிட்டார்கள். இலத்தீன் மொழியில் எலும்பு தின்னி என்பது பொருள். அப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. மரம் மண்ணிலே வேர் விடுவதுபோல எலும்பினுள்ளே வேர் விட்டு, அவ்வேரில் வாழும் நுண்ணுயிர்களின் துணைகொண்டு வாழும்.

இவையெல்லாம் கண்ணாற் கண்டவைதாமோ எனின், ஒருபகுதியே கண்டவை. ஒரே உடலின் பக்கத்தில் ஐம்பதாண்டு இருந்து பார்த்தவர் எவருமிலர். வெவ்வேறு காலத்தில் இறந்த வெவ்வேறு உடல்களைக் கண்டு, முன்னது இது, பின்னது இது என்று வரிசைப்படுத்தினார்கள். ஆகவே கமரா தந்தது காட்சி. வரிசை கருதலளவையாற் பெறப்பட்டது. அளவைகளை வகுத்து அறியும் சித்தாந்தத்தைப் படிப்பிக்கும் நாம் இவ்வேறுபாட்டை மாணவருக்கு எடுத்துக் காட்டுதல் நன்று. அன்றியும், எத்துணை நுண்ணிய கமராவும் உடலின் மாற்றத்தையே காட்டும். அவ்வுடலை விட்டுச் சென்ற உயிரைக் காட்டாது. அறம் இது, பாவம் இது என்றும் காட்டாது. கமராவிலே கண்டதைக்கொண்டு அறத்தை நிலைநாட்டவும் இயலாது, அழிக்கவும் இயலாது என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வாம்.

இனி, இவ்வினாவுக்கு நம்மிற் சிலர் கூறக்கூடிய விடைகளுள் இரண்டைத் தள்ளுதல் வேண்டும்.

"அப்பிராணிகள் பாவம் செய்து அப்பிறவி எடுத்தன, பிணம் தின்று மேலும் பாவம் தேடுகின்றன" என்பது ஒன்று. இது பொருந்தாது. வாயில்லாத புழு எதனைத் தெரிந்து எதனைத் தள்ளும்? தெரிந்து தள்ளும் வன்மை உள்ளவிடத்தன்றோ விதியும் விலக்கும் செல்லும்! உயிர்கள் தத்தம் வினைக்கீடாகத் தனு கரணங்களைப் பெறுகின்றன என்பது நம் கொள்கை. அவற்றுள் விலங்கு முதலிய பிறவிகள் பெரும்பாலும் நுகர்ச்சிக்கு உரியன. நன்மை தீமைகளை ஆராய்ந்து ஈட்டுதற்கு உரியது மக்கட்பிறவி. ஆதலின் அப்புழுவைப் பாவி என்பது அறியாமை.

"அது கடலின் இயற்கை, இயற்கையைக்கொண்டு மனிதனுக்கு நியாயம் பேசாதே" என்று வாயடைப்பது மற்றொன்று. இது உண்மையின் ஒருகூறே எனினும், நாம் சொல்லத் தகுதியுடையோமா என்று பார்த்தல் வேண்டும். எறும்பைக் காட்டி முயற்சியையும், காகத்தைக் காட்டிப் பகிர்ந்துண்டலையும் கீழ்வகுப்பிலே போதித்தவர் நாமே. நமக்கு இசைந்தபோது இயற்கையை ஆசிரியனாக்கி, மாணவன் புழுவைக் காட்டியபோது இயற்கை ஆசிரியன் அன்று எனின், பிள்ளை நம்மை நடுவுநிலை இல்லாதவர் என்று எண்ணுவான்; அவன் எண்ணுவது சரியே. மெய் யாதெனின், காகம் நமக்கு உவமையேயன்றிப் பிரமாணம் அன்று. பகிர்ந்துண்டல் நல்லது என்பதை வேறு வழியால் அறிந்துகொண்டு, அதனை விளக்கக் காகத்தைக் காட்டினோம். அதே காகம் பிறபறவையின் முட்டையைக் களவாடித் தின்பதை நாம் காட்டுவதில்லையே. இதனை ஒளியாமற் சொல்லிவிடல் வேண்டும். சொன்னபின், புழு உண்பதால் மனிதன் உண்ணலாம் என்பதும், காகம் களவாடுவதால் மனிதன் களவாடலாம் என்பதும் ஒருதன்மையவாதல் மாணவனுக்குத் தானே விளங்கும்.

அற்றேல், வினாவின் உயிர்நிலை இன்னும் எஞ்சி நிற்கின்றது. புழுவை விடுவோம், ஒருவரும் கொல்லாது தானாக இறந்த பிராணியின் ஊனை மனிதன் உண்டால் குற்றம் யாது?

திருவள்ளுவர் புலான்மறுத்தலை 26ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் வேறுவேறாக வைத்தார். நாவலரவர்களும் நான்காம் பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் தனித்தனிப் பாடங்களாக எழுதினார்கள். இரண்டும் ஒன்றேயாயின் இருவேறாக வைக்க வேண்டியதில்லை. எனவே, "கொல்லவில்லை, ஆதலாற் குற்றமில்லை" என்று கூறுவோன் ஒரு கதவை அடைத்துவிட்டு மற்றக் கதவு உண்டென்பதை மறந்தவனாவான்.

இங்கே உண்மையை ஒப்புக்கொண்டே தொடங்குவாம். மெய்யாகவே தானாக இறந்த உடலை உண்பவனிடத்திற் கொலைப்பாவம் இல்லை. இல்லாத பாவத்தை உண்டென்று சொல்லிப் பிள்ளையை அச்சுறுத்துவது அறத்தைக் காப்பதாகாது. பொய்யான முட்டுக்கொடுத்து நிறுத்திய சுவர், முட்டு விழுந்த அன்று தானும் விழும்.

எனினும், அவ்வாறு தானாக இறந்தது எங்கே விற்கப்படுகின்றது? வெள்ளவத்தைச் சந்தையிலாயினும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலாயினும் தொங்கும் ஊன், கடலடியில் வீழ்ந்த திமிங்கிலம்போல வந்து வீழ்ந்ததன்று. வாங்குவோன் காசு நீட்டுவதனாலேயே கொல்வோன் கத்தி எடுக்கின்றான் என்பதே வள்ளுவர் அவ்வதிகாரத்திற் காட்டும் நியாயத்தின் சாரம். ஆகவே மாணவன் கேட்ட நிலை உலகில் மிக அருமையானது. அவ்வருமையான நிலையைக் காட்டி நாள்தோறும் நிகழ்வதற்கு நியாயம் தேடலாகாது.

அருமையாயினும் நிகழும் எனின், அப்போதும் ஒரு காரணம் உண்டு. கடலடி மீன் திமிங்கிலத்தின் சாவை விரும்பிக் காத்திருப்பதன்று. உணவு வந்தபோது உண்ணும், வராதபோது அலையும். மனிதனோ நினைவும் எதிர்பார்ப்பும் உடையவன். இறந்ததைச் சுவைத்தவன் நா, அடுத்த இறப்பை எதிர்நோக்கும். எதிர்நோக்கும் நெஞ்சம் முதலிலே பிற உயிரின் சாவுக்கு வருந்தாதொழியும்; பின் அதனை விரும்பும்; பின் அதற்குக் காசு கொடுக்கும். தானாக நிகழ்ந்தது தொழிலாகும் வழி இதுவே. புலான் மறுத்தல் என்பது வயிற்றுக்கு இட்ட விதி மாத்திரமன்று. பிற உயிரின் சாவினால் தனக்கு ஆதாயம் உண்டு என்னும் நினைவு நெஞ்சில் முளையாதபடி காக்கும் வேலியுமாம். வேறு உணவு உள்ளவனுக்கு அவ்வேலி வேண்டும். வேறு உணவு இல்லாத புழுவுக்கு அது வேண்டா.

இதனைச் சொல்லும்போது உபாத்தியாயர் ஒன்றை மறத்தலாகாது. ஈழத்திலே நாம் மரக்கறி உணவையே 'சைவம்' என்று வழங்குகின்றோம். அவ்வழக்கினால், மீன் உண்ணும் குடும்பத்துப் பிள்ளை தன்னைச் சைவன் அல்லன் என்று கருதிக் கூசும் நிலை உண்டாகின்றது. கடற்றொழில் செய்து, திருநீறணிந்து, கோயிற்கு உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பிலே இருக்கின்றார்கள். 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கித் தத்தளித்தபோது, கடற்படையினரும் கரையோரக் காவற்படையினரும் அவ்வூர் மக்களும் இரவு முழுவதும் நீரில் நின்று அவற்றைத் தள்ளி ஆழத்திற் சேர்த்தனர். சில இறந்தன, மிகப்பல பிழைத்தன. அவ்வாறு நின்றவர்களுள் மீன் உண்பார் பலர் இருந்திருத்தல் கூடும். அவர்களிடத்தே விளங்கிய ஜீவகாருண்ணியத்தை நாம் மதியோமாயின், வேலியைக் காத்துப் பயிரை இழந்தவராவோம்.

இவ்விடைகளை ஆயத்தஞ் செய்துகொண்டு அடுத்த ஞாயிறு வகுப்புக்குச் சென்றேம். மாணவன் கவனமாகக் கேட்டு, விளங்கியது என்றான். யாம் அவ்வளவில் முடிந்தது என்று எண்ணியபோது, பின்வரிசையிலே இருந்த ஒரு சிறுமி, "ஐயா, முதலில் அந்தத் திமிங்கிலம் எதனால் இறந்தது?" என்று கேட்டாள்.

அவ்வினா எம்மைச் சுட்டது. ஏனெனில், நம் கடலிலே அதற்குரிய விடைகளுள் ஒன்றை யாம் அறிவேம். போர்த்துக்கேயர் 1588இல் இடித்த தென்னாவரக் கோயில் முன்பு விளங்கிய தேவேந்திரமுனைக்குத் தெற்கே, நீலத்திமிங்கிலங்கள் உணவு தேடித் திரள்கின்றன. உலகிலே மிக நெருக்கமான கப்பற்பாதைகளுள் ஒன்று அவ்வழியே செல்கின்றது. 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கொள்கலக் கப்பல் ஒன்றின் முன்னணியத்தில், இறந்த நீலத்திமிங்கிலம் ஒன்று மாட்டிக் கிடந்தது. இவ்வாறு துறைமுகம்வரை வந்து காணப்பட்டது அது. மோதுண்டு ஆழ்ந்துபோனவை கடலடிக்குப் போயின. இந்நாட்டுக் கடலியல் அறிஞர் ஆஷா டி வொஸ் அம்மையார் முதலியோர் இதனை ஆராய்ந்து பலகாலம் எடுத்துரைத்தனர். 2022இல் மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி தன் கப்பல்களைத் திமிங்கிலங்கள் திரளும் இடத்துக்குத் தெற்கே விலகிச் செல்லும்படி செய்தது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்திலே பொன்னம்பலவாணேசர் சந்நிதிக்குச் செல்வோர் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைக் காண்பர். வெள்ளவத்தைக் கரையில் நிற்போர் துறைமுகம் புகக் காத்து நிற்கும் கப்பல்களைக் காண்பர். நாம் உண்ணும் மைசூர்ப் பருப்பும், பிள்ளைகளுக்குப் பாலிற் கலந்து கொடுக்கும் சீனியும், படிப்பிக்கும் புத்தகத்தின் கடதாசியும் கப்பலிலேயே வருகின்றன. அவ்வாறாயின், "மரக்கறி உண்ணுகின்றேன், ஆதலால் என் பொருட்டு ஓருயிரும் சாவதில்லை" என்று சொல்லத் தக்கவர் யார்? வாங்குவோன் காசினாலே கத்தி எழுகின்றது என்னும் நியாயத்தைச் சந்தைக்குச் சொல்லிய நாம், கப்பலுக்கு மாத்திரம் சொல்லாது விடுதல் நடுவுநிலை ஆகுமா?

இரண்டும் முற்றும் ஒன்றல்ல என்பது மெய். ஊன் வாங்குவோனுக்குக் கொலையே பொருளைத் தருவது. பருப்பு வாங்குவோனுக்குத் திமிங்கிலத்தின் சாவினால் ஓர் ஊதியமும் இல்லை. கருதிச் செய்தலும் கருதாது நிகழ்தலும் வேறு. ஆனால் கருதாது நிகழ்வது அறியாத மட்டுமே மன்னிக்கத்தக்கது. அறிந்தபின்னும் பாதையை விலக்காத மாலுமியும், விலக்குக என்று கேளாத மக்களும் பழியிற் பங்குடையர். கடலடியை இருள் மூடியிருந்த காலத்தில் நாம் அறியாதவர். இன்று கமரா ஒளி பாய்ச்சிவிட்டது. அறிவு கூடுந்தோறும் கடமையும் கூடுகின்றது என்பதே அக்கருவியினால் நமக்கு வந்த பாடம்.

ஆதலின் உபாத்தியாயர்களே, புலான்மறுத்தலைக் கற்பிக்கும்போது அதனை நம் மேன்மைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். அது ஜீவகாருண்ணியத்தின் முதற்படி. அப்படியில் ஏறி நின்று கீழே நிற்பவரை இகழ்வதற்கு அன்று, மேலே ஏறுவதற்கே படி வைக்கப்பட்டது. உண்ணும் கலத்திலே ஊன் இல்லை என்று மகிழ்வதோடு, அக்கலத்துக்கு வந்த பொருள் எவ்வழி வந்தது என்றும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். அவ்வாறு பழக்கினால் அவர்கள் நம்மையே கேட்பார்கள். கேட்கட்டும்.

அச்சிறுமிக்கு யாம் அறிந்த அளவு மறையாது சொன்னேம். அவள் சாளரத்தின் வழியே கடலைப் பார்த்தாள். தொலைவிலே மூன்று கப்பல்கள் நின்றன. "அவைகள் எங்கள் சாமான்களா, ஐயா?" என்றாள். "சிலவாதல் கூடும்" என்றேம். வேறு சொல்ல இல்லை. அடுத்த அதிகாரத்தைத் தொடங்கினேம்.